ஓஸ்மோ பிடித்த முனை

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மெஷினில் வேலை பார்த்தால் உருப்படாது என்று பின்லாந்தின் மான்ட்டா ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. வீட்டுச் சண்டை மெஷினுக்கு வரும், மெஷின் சண்டை வீட்டுக்குப் போகும் என்பார்கள். ஓஸ்மோவும் ஐலாவும் அப்படிச் சொன்னவர்கள் முகத்திலெல்லாம் கரியைப் பூசினார்கள். சண்டையே வராத தம்பதி என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் காப்பி மேசையில் ஆரம்பித்து, காகித ஆலையின் வாசல்வரை காருக்குள் நடக்கும். ஆனால் ஷாஃப்டைத் தூக்கும்போது சண்டை போட முடியாது. போட்டால் யாராவது ஒருவர் காலில் விழும்.

அடுப்பில் பன்னுக்கும் கேக்குக்கும் அடியில் விரிக்கிற காகிதம் இருக்கிறதே, அதைப் பெரிய ரீலிலிருந்து வெட்டிச் சின்ன ரீல்களாகச் சுற்றுவது அவர்கள் வேலை. ரீலின் நடுவே ஓர் அட்டைக் குழாய். குழாய்க்குள் ஆள் உயரத்தைவிட நீளமான இரும்பு ஷாஃப்ட். அதற்குள் காற்றை ஏற்றினால் அதன் பட்டைகள் புடைத்துக் குழாயை உள்ளிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காற்றை இறக்கினால் விட்டுவிடும். ஒரு ரீல் தீர்ந்ததும் ஷாஃப்டை உருவி, ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக் கொண்டுபோய் அடுத்த ரீலில் செருக வேண்டும். ரீலைத் தூக்கக் கிரேன் உண்டு. ஷாஃப்டைத் தூக்க இவர்கள் இருவரும்தான்.

"ஒண்ணு, ரெண்டு, ஹோ!" என்று ஐலா குரல் கொடுப்பாள். ஓஸ்மோ வாய் திறக்க மாட்டான். திறக்கத் தேவையும் இல்லை. அவள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் இரும்பு ஒரு நொடி தாமதமாக எழும்பும். கோபமாக இருந்தால் 'ஹோ'வுக்கு முன்பே அவள் முனை மேலே போய்விடும். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது. கையால் தெரிந்துகொள்வான். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் குடும்பம் நடந்தது.

ஒரு கோடையில், மிட்சம்மர் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, ஷாஃப்ட் அவன் கையில் கனத்தது. லீவில் பீர் குடித்து, சுட்ட சாஸேஜ் தின்று உடம்பு சோம்பிவிட்டது என்று நினைத்தான். வாரம் போயிற்று, மாதம் போயிற்று, கனம் குறையவில்லை. இலை உதிரும் காலத்தில் கூடவும் செய்தது. தூக்கி முடித்ததும் வலது தோள் விண்ணென்று தெறிக்கும். ஐலா எதிரே நின்று அவனையே பார்ப்பாள். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுப்பான்.

அவனுடைய அப்பா மரம் வெட்டுகிறவர். இதே வயதில்தான் அவருக்குத் தோள் போயிற்று. அதற்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டே ஆயுளைக் கழித்தார். தனக்கும் அந்த நாற்காலி வந்துவிட்டது என்று ஓஸ்மோ முடிவு கட்டினான். வெளியே தெரிந்தால் அவனைப் பேக்கிங் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஐலாவின் எதிர் முனையில் வேறு எவனாவது நிற்பான். அந்த நினைப்பையே அவனால் தாங்க முடியவில்லை. அதனால் விறகுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிர்ச் மரக் கட்டைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் பழகினான். அறுபதை நெருங்குகிற மனுஷன், கொட்டகைக்குள் தனியாக நின்று பயில்வான் வேலை. வேடிக்கை என்னவென்றால், கட்டைகள் சுலபமாக எழும்பின. எவ்வளவு பெரிய கட்டையானாலும் எழும்பின. ஆலைக்கு வந்தால் மட்டும் ஷாஃப்ட் கனத்தது. மூளை உள்ளவன் அங்கேயே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பான். ஓஸ்மோ இன்னும் நாலு கட்டையைத் தூக்கினான்.

கடைசியில் பென்த்தியிடம் போனான். பென்த்தி தொழிற்சங்கத்தில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் காதில் விழுந்தது மதியச் சாப்பாட்டுக்குள் ஆலை முழுக்கப் பரவிவிடும். அவனிடம் போய் ரகசியம் சொல்வதென்றால் ஓஸ்மோ எந்த நிலைமையில் இருந்தான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"கார்பன் ஃபைபர்ல ஷாஃப்ட் வருதாமே. ஒத்தக் கையில தூக்கலாமாம். அத நமக்கும் வாங்கச் சொல்லு."

"உனக்கு எதுக்குய்யா? நீதான் எருமை மாதிரி இருக்கியே."

"என் தோளு போச்சு, பென்த்தி. சத்தியமா முடியல. ஆனா என் பேரு வெளிய வரக்கூடாது. ஐலா முதுகுக்குன்னு சொல்லு."

"அவ முதுகுக்கா? அவ உன்னையும் சேத்து ஷாஃப்டோட தூக்கிருவாய்யா." சிரித்த பென்த்தி, ஓஸ்மோவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "சரி சரி. ஐலா முதுகுன்னே எழுதிடறேன். போ."

மறு வருஷம் பனி உருகி ரோடு சேறாகக் கிடந்த நாளில் புது ஷாஃப்ட்கள் வந்து இறங்கின. கறுப்பாக, பளபளவென்று, நீளமான அட்டைப் பெட்டிகளில். பென்த்தி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர்வலத்தில் கொடி பிடிப்பவன் மாதிரி ஹாலைச் சுற்றி வந்தான். பொறியாளர் கிம்மோ பின்னாலேயே ஓடினான்.

"அடிக்காதீங்க, கீழ போடாதீங்க, உருட்டாதீங்க! இரும்பு வளஞ்சா கண்ணுக்குத் தெரியும். இது உள்ளுக்குள்ளயே படலம் படலமா பிரிஞ்சிடும், வெளிய ஒண்ணுமே தெரியாது."

"கிம்மோ, இத விட உன் பேச்சுதான்பா கனமா இருக்கு," என்றான் பென்த்தி.

முதல் ரீல் தீர்ந்தது. ஓஸ்மோவும் ஐலாவும் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் போய் நின்றார்கள். அவள் "ஹோ" என்றாள். ஓஸ்மோ இரும்புக்குக் கொடுக்கிற வலுவை அப்படியே கொடுத்தான். ஷாஃப்ட் அவன் கையிலிருந்து எகிறி, மேலே தொங்கிய விளக்கின் மூடியைத் தட்டிவிட்டு வந்தது. ஹாலே கைகொட்டிச் சிரித்தது. கிம்மோ தலையில் கை வைத்துக்கொண்டான். ஐலா மட்டும் சிரிக்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவன் பார்த்தான். தனக்காகச் சந்தோஷப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து ஷாஃப்டுக்கு ஓர் ஆள் போதும் என்றாயிற்று. ஓஸ்மோ தனியாகவே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போவான். ஐலா மெஷினின் அந்தப் பக்கம், கத்திகளையும் ஓடுகிற தாளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் வலி போன இடம் தெரியவில்லை. அவன் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தான். எப்போதாவது ஷாஃப்டைத் தூக்குகிற நேரத்தில் எதிர்ப்பக்கம் பார்ப்பான். அங்கே யாரும் இல்லாதது கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும். பழக்கம்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டான்.

அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். இருவரும் வீட்டு நீராவிக் குளியலறையான சௌனாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஐலா அகப்பையில் தண்ணீர் மொண்டு அடுப்பின் கற்கள்மேல் ஊற்றப்போனாள். அகப்பை கையில் நிற்கவில்லை. கீழே விழுந்து உருண்டது. அவள் எடுக்கக் குனிந்தாள், எடுக்க வரவில்லை. விரல்கள் மடங்க மாட்டேன் என்றன.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்ல கெழவா. வியர்வை, வழுக்குது."

அவள் பேச்சும் அன்று லேசாகக் குழறியது. நெருப்பு அவிந்து அறை குளிரும்வரை அவன் அவளுடைய இடது கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலுக்கு அடியில் இருக்க வேண்டிய சதை வற்றிப்போயிருந்தது. இத்தனை நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவனுக்கு அவன்மேலேயே ஆத்திரம் வந்தது.

தம்பெரே நகர ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பரிசோதனை செய்தார்கள். ஊசி குத்தித் தசைகளின் மின்சாரத்தை அளந்தார்கள். கடைசியில் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். மூளையிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி. கை, நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து இல்லை. கொஞ்சம் மெதுவாக்க ஒரு மாத்திரை உண்டு. ஐலா ஜன்னலுக்கு வெளியே கார்கள்மேல் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதமொதல்ல எப்ப கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு," என்றான் ஓஸ்மோ. "அகப்பை நழுவுச்சு."

ஐலா தலையை ஆட்டினாள். "இல்ல. அதுக்கும் ரொம்ப முன்னாடி. ஷாஃப்ட் இரும்பா இருந்தப்பவே."

டாக்டருக்கு விளங்கவில்லை. ஐலா மெதுவாக, வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து விளக்கினாள். "ரெண்டு பேரும் தூக்குவோம். எப்பவும் முனையிலருந்து ஒரு சாண் உள்ள தள்ளித்தான் பிடிப்போம். எனக்கு இடது கை நிக்கல. அதனால நுனிக்குப் போனேன். நுனியில பிடிச்சா நம்ம பக்கம் கனம் கொறையும். எதிர்ல நிக்கறவங்களுக்குக் கூடும்." ஓஸ்மோவின் முழங்காலில் தட்டினாள். "இந்தக் கெழவனுக்குத் தெரியும். புது ஷாஃப்ட் வர்ற வரைக்கும் என் பங்கையும் சேத்து இவன்தான் தூக்கினான். மூஞ்சி செவந்து போகும். ஒரு வார்த்தை மூச்சு விடல. அப்புறம் பென்த்திகிட்டப் போய் என் முதுகுன்னு சொல்லி, லேசான ஷாஃப்டையும் வரவெச்சான்."

டாக்டர் ஓஸ்மோவைப் பார்த்தாள். நல்ல மனுஷர்களைப் பார்க்கிற பார்வை. ஓஸ்மோ அந்தப் பார்வைக்கு முன்னால் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கையால் எல்லாம் தெரிந்துகொள்வேன் என்று இருந்தவன், அவள் கை தளர்ந்ததைத் தன் தோள் தளர்ந்ததாக எண்ணிக்கொண்டு, விறகுக் கொட்டகையில் கட்டை தூக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அதோடு விட்டானா, அவனே அலைந்து திரிந்து லேசான ஷாஃப்டையும் கொண்டுவந்து சேர்த்தான். அந்த இரும்பு மட்டும் இருந்திருந்தால், இன்னும் ஒரு மாதத்தில் அவள் கையிலிருந்து அது விழுந்தே இருக்கும். அப்போதாவது இவன் மண்டையில் உறைத்திருக்கும்.

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டான்.

"மாத்திரை அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். கொஞ்ச நாள் கூடக் கெடச்சிருக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது," என்றாள் டாக்டர்.

திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று ஓஸ்மோ நினைத்தான். எனக்குத் தெரியாது ஐலா, என் தோள்தான் போச்சுன்னு நெனச்சேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒவ்வொரு பெட்ரோல் பங்க் வந்தபோதும் அடுத்த பங்க் தாண்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓட்டினான். ஐலா தலையை அவன் தோளில் சாய்த்துத் தூங்கிப்போனாள். சாய்ந்தது அந்த வலது தோளில்.

பனி உருகத் தொடங்கியபோது அவள் வேலையை விட்டாள். சாப்பாட்டு அறையில் வழியனுப்புக் காப்பி வைத்தார்கள். ஸ்ட்ராபெரி வைத்த கேக், ஆலைக் கொடி குத்திய பூச்செடி, முதலாளி தரப்பிலிருந்து கையைக் குலுக்க ஓர் ஆள். ஐலா எழுந்து நின்றாள். அதற்குள் அவள் நாக்கு தடித்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

"நான் நல்லாப் பேசறப்பவே நீங்க யாரும் கேட்டதில்ல. இப்பவாவது கேளுங்க," என்று ஆரம்பித்தாள். சிரித்தார்கள். அப்புறம் ஷாஃப்ட் கதையைச் சொன்னாள். தன் பங்கைப் புருஷன் தூக்கியதைச் சொன்னாள். "நீங்கள்லாம் இவன் ஊமைன்னு கிண்டல் பண்ணுவீங்க. வாயால சொல்லிக் காட்டாம ஒருத்திக்காகச் சுமந்தான் பாருங்க. அது போதும் எனக்கு. மீதி வர்றத நான் பாத்துக்குவேன்."

யாரும் கை தட்டவில்லை. பின்லாந்துக்காரர்கள் அழுதுவிடுவோமோ என்று பயந்தால் காப்பியைக் கலக்குவார்கள். அறை முழுக்கக் கரண்டிச் சத்தம். ஓஸ்மோ நிமிர்ந்தபோது எதிரே பென்த்தி. ஆலையிலேயே உண்மை தெரிந்த இன்னோர் ஆள் அவன் ஒருவன்தான். வாய் சும்மா இருக்காத அந்த ஆள், கேக் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் அவன் ஓஸ்மோவின் பக்கத்தில் வந்து நின்று சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"என்கிட்ட நீ தோளப் பத்தி எதுவும் பேசவே இல்ல," என்றான். "நான் எதுவும் கேக்கவும் இல்ல. புரியுதா?"

"நான் அவகிட்ட சொல்லிடப் போறேன், பென்த்தி."

"எதுக்கு? சொன்னா உன் நெஞ்சு லேசாகும். அவளுக்கு என்ன ஆகும்னு பாத்தியா?" பென்த்தி பாதி சிகரெட்டைக் காலால் நசுக்கினான். "உன் இஷ்டம்யா. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஓஸ்மோ சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். பொய்யோடு வாழ்ந்து அவனுக்குப் பழக்கமில்லை. அதுவும் ஐலாவிடம் பொய்யை மறைத்து வைக்க அவர்கள் வீட்டில் இடமே கிடையாது, அவ்வளவு சின்ன வீடு. மறுநாள் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவி, அவள் விழுங்கத் தோதாகச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஐலா, அந்த ஷாஃப்ட் விஷயம்..."

"நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் அவள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது? மொதல்ல?"

அவள் முகம் அவன் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெண் பார்த்த கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறவள் மாதிரி ஆசையாக இருந்தது அந்த முகம். அந்த வியாதி வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை அவன் பார்த்ததில்லை. நாவின் நுனிவரை வந்த உண்மை அங்கேயே நின்றுவிட்டது.

"மிட்சம்மர் லீவு முடிஞ்சு வந்தோமே, அன்னைக்கு," என்றான். அன்றுதான் அவன் கையில் கனத்தது. நாள் மட்டுமாவது பொய்யில்லை.

"அன்னைக்கேவா?" ஐலாவின் கண் விரிந்தது. "அன்னைக்குத்தான் மொத தடவ நுனிக்குப் போனேன். உடனே கண்டுபிடிச்சிட்டியே!"

கொஞ்ச நேரம் அவள் ரொட்டித் துண்டை மென்றாள். மெல்ல மெல்ல நெற்றி சுருங்கியது. விழுங்கி முடித்த பிறகுதான் பேசினாள்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கெழவா."

ஓஸ்மோ வெண்ணெய்க் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"கையில என்னடின்னு கேட்டிருந்தா டாக்டர்கிட்டப் போயிருப்பேன். எனக்குப் பயமாத்தான் இருந்துது. ஆனா நீ தெரிஞ்சும் பேசாம தூக்கினியா... பெருசா இருந்தா இவன் சும்மா இருப்பானா, வயசாகுது அவ்வளவுதான்னு நானும் இருந்துட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. மழை வரும் என்று தெரிந்தும் குடையை மறந்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். எனக்குத் தெரியவே தெரியாது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மேல் இந்தப் பழி நிற்காது. ஆனால் அந்த வார்த்தையோடு, அத்தனை மாதம் அவளுக்காகச் சுமந்த புருஷனும் போய்விடுவான். மீதி வருவதைப் பார்த்துக்கொள்ள அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"ஆமா," என்றான். "கேட்டிருக்கணும்."

"சரி, விடு. உன் சுபாவம் எனக்குத் தெரியாதா?" என்றாள் ஐலா. "காப்பி ஆறுது பாரு."

அவளுக்குத் தண்ணியான காப்பி இப்போது புரையேறிவிடுகிறது. ஓஸ்மோ டப்பாவைத் திறந்து, கெட்டியாக்குகிற மாவை அவள் கோப்பையில் ஒரு கரண்டி போட்டு, கட்டி தட்டாமல் கலக்க ஆரம்பித்தான்.